தேதி இல்லாத செய்தியும் வெட்டுப்பட்ட எழுத்தும்: சொந்தத் தளத்திலிருந்து நகல் அனுப்பும் வேலை

மேட்டூர் அணையை 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2023இல் வழக்கமான ஜூன் 12. 2024இல் போதிய தண்ணீர் இல்லாமல் ஜூலை 28 வரை தள்ளிப்போனது. 2025இல் மறுபடியும் ஜூன் 12. நாள் இப்படி முன்னும் பின்னும் போகும்போது, "அணை திறந்தாச்சு, நாத்து விடலாம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியில் மட்டும் வருஷம் இருப்பதே இல்லை. போன வருஷத்துப் படமும் வரியும் அப்படியே இந்த வருஷம் திரும்பி வரும். கடைமடைக்காரர் ஒருவர் அதை நம்பி நாற்றங்காலுக்கு உழுதுவிட்டால் டீசல் காசு போனதுதான்.

நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊர். மூணாறு தலைப்பில் பிரிந்து வரும் தண்ணீர் எங்கள் வாய்க்காலை எட்டிய நாள், எந்த நெல் எப்போது கதிர் வாங்கியது, கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதக் கணக்கு எப்படிப் போயிற்று என்பதையெல்லாம் எழுதி வைக்க ஒரு சின்ன இணையதளம் நடத்துகிறேன். எழுதுவது ஓர் இடம்; படிப்பவர்கள் இருப்பது ஐந்தாறு இடம். சிங்கப்பூரில் இருக்கும் பங்காளிகள் ஃபேஸ்புக்கில், ஊர்க்காரர்கள் வாட்ஸ்அப்பில், விதை சேகரிக்கும் நண்பர்கள் சிலர் டெலிகிராமில், கணினிக்காரர்கள் ட்விட்டர் மாதிரியான மாஸ்டடானிலும் புளூஸ்கையிலும். இத்தனை இடத்துக்கும் ஒரே எழுத்தைக் கொண்டு சேர்க்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய ஏற்பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழில் எழுதுபவருக்கு மட்டும் வரும் சிக்கல்கள் இதில் நிறைய. ஆங்கிலக் கையேடுகளில் அவற்றைத் தேடினாலும் கிடைக்காது என்பதால் அந்தப் பகுதிகளை நீட்டியே சொல்கிறேன்.

அடிப்படை எளிது. எதை எழுதினாலும் முதலில் சொந்தத் தளத்தில் போட வேண்டும். அங்கே அதற்கு ஒரு தேதியும் நிலையான முகவரியும் வந்துவிடும். பிறகு மற்ற இடங்களுக்கு நகல் போகும், ஒவ்வொரு நகலிலும் மூலத்தின் முகவரி இருக்கும். இண்டிவெப் என்ற பெயரில் இயங்கும் ஆட்கள் இதைப் 'பாஸி' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். எனக்கு இதில் பிடித்த விஷயம் தேதிதான். "ஏம்ப்பா, இது இந்த வருஷத்துச் சேதியா?" என்று சித்தப்பா கேட்டால், முகவரியை அனுப்பினால் போதும்.

தளம் ஹியூகோ என்ற, கோப்புகளை இணையப் பக்கங்களாக்கும் மென்பொருளில் ஓடுகிறது. எழுதுவது வெறும் மார்க்டவுன் கோப்பு, அதாவது எளிய குறிகள் போட்ட உரைக்கோப்பு. ஹியூகோ அதைப் பக்கமாக்கி, புதுப் பதிவுகளைப் பட்டியலிடும் ஆர்எஸ்எஸ் ஓடையையும் கூடவே செய்து தந்துவிடும். கோப்புகள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தில் இருக்கின்றன, தளமும் அங்கிருந்தே இலவசமாகப் போகிறது. செலவு என்றால் டொமைனுக்கு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்குள். தமிழ் எழுத்துருவைத் தனியாக இறக்கும்படி வைக்கவில்லை. இன்றைய ஆண்ட்ராய்டு போன்களில் தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறது. வயல் வரப்பில் நின்று ஒரு கோடு சிக்னலில் திறக்கிறவருக்கு எழுத்துரு அழகைவிடப் பக்கம் சீக்கிரம் வருவதுதான் முக்கியம்.

முதல் சிக்கல் முகவரியில் வந்தது. தமிழ்த் தலைப்பையே கோப்பின் பெயராக வைத்தால் ஹியூகோ முகவரியையும் தமிழிலேயே வைத்துவிடும். உலாவியின் முகவரிப் பட்டையில் அது அழகாகத் தெரியும். அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் கதையே வேறு. தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறியும் (கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனிக் குறிதான்) யுடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் மூன்று பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறி, பின்னால் இரண்டு குறியீடு என்று மூன்று எழுத்தாக விரியும். ஆக ஒரு குறிக்கு ஒன்பது எழுத்து. மன்னார்குடி என்ற ஒரே சொல் 99 எழுத்து நீளத்துக்குச் சதவீதக் குறிகளாக ஓடும். ஐந்து சொல் தலைப்பு என்றால் திரை முழுக்க அதுதான். பார்ப்பவர் ஏதோ மோசடி இணைப்பு என்று நினைத்துத் தொடாமல் விடுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

அதனால் ஒவ்வொரு கோப்பின் தலைப்பகுதியிலும் ஆங்கில எழுத்தில் குட்டையாக ஒரு முகவரி கொடுக்கிறேன்: வருஷம், மாதம், ஒரு சொல். 2025, 06, குறுவை என்கிற மாதிரி. தமிழ் முகவரிதான் தன்மானம் என்று வாதாடும் நண்பர்கள் உண்டு. தலைப்பு தமிழில் இருக்கிறது, உள்ளே எல்லாமே தமிழில் இருக்கிறது. முகவரி போனில் வாயால் சொன்னால் எதிரில் இருப்பவர் தட்டச்சுச் செய்யும்படி இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

அடுத்தது முன்னோட்ட அட்டை. இணைப்பை ஒட்டியதும் படம், தலைப்பு, இரண்டு வரி என்று ஒரு பெட்டி வருமே, அது பக்கத்தின் தலைப்பகுதியில் உள்ள ஓப்பன் கிராஃப் குறிச்சொற்களிலிருந்து வருகிறது. பெரும்பாலோர் இந்தப் பெட்டியை மட்டும் பார்த்துவிட்டு அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறார்கள். எனவே தேதி பக்கத்தின் உள்ளே இருந்து பயனில்லை, பெட்டியிலேயே இருக்க வேண்டும். ஹியூகோ வார்ப்புருவில் ஓப்பன் கிராஃப் தலைப்புக்கு முன்னால் நாள், மாதம், வருஷம் மூன்றும் தானாக ஒட்டிக்கொள்ளும்படி மாற்றினேன். "12 ஜூன் 2025: மேட்டூர் திறப்பு, எங்கள் வாய்க்காலுக்கு எப்போது?" என்று வரும். தேதியைப் பின்னால் வைக்கக் கூடாது. நீளத் தலைப்பை எல்லாச் செயலிகளும் வாலில்தான் நறுக்கும்.

படத்திலும் தேதி வேண்டும் என்று தோன்றியது. 1200க்கு 630 புள்ளி அளவில் வயல் படம் ஒன்றை வைத்து, அதன்மேல் தலைப்பை எழுதும் பைத்தான் நிரல் ஒன்றை எழுதினேன். பில்லோ என்ற நூலகம், அதாவது ஆயத்த நிரல் தொகுப்பு, படத்தில் எழுத்தைப் பொறித்துத் தரும். ஆனால் அதன் அடிப்படை முறையில் தமிழைக் கொடுத்தால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். மெ என்பது ம முதலிலும் கொம்பு அடுத்துமாக வரும். குறிகள் நினைவகத்தில் இருக்கும் வரிசையில் அப்படியே வரைந்துவிடுவதுதான் காரணம். தமிழுக்கு எழுத்தைக் கோத்து அடுக்கும் வேலை தனியாக நடக்க வேண்டும்; அதை ஹார்ஃப்பஸ் என்ற நூலகம் செய்கிறது. பில்லோ அதை ராக்ம் என்ற இன்னொரு நூலகத்தின் வழியாகக் கூப்பிடும். உங்கள் கணினியில் ராக்ம் இருக்கிறதா என்று பில்லோவிடமே கேட்டுப் பார்க்கலாம், இல்லை என்றால் நிறுவ வேண்டும். நிறுவிய பிறகு நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் கொம்பு சரியான இடத்துக்கு வந்தது. படத்தை 300 கேபிக்குள் சுருக்கி வைக்கிறேன்; பெரிய படம் என்றால் சில போன்களில் பெட்டி படமில்லாமல் வெறும் வரியாக வருகிறது.

இனி அனுப்பும் வேலை. மாஸ்டடான், புளூஸ்கை, டெலிகிராம் மூன்றுக்கும் நிரல் வழியாக அனுப்பலாம், காசு இல்லை. மாஸ்டடானில் கணக்கு அமைப்புகளில் போய் ஒரு செயலியைப் பதிந்து, எழுதும் உரிமை மட்டும் உள்ள சாவி எடுத்தால் போதும். புளூஸ்கையில் முதன்மைக் கடவுச்சொல்லைத் தொடாமல் செயலிக்கென்று தனிக் கடவுச்சொல் உருவாக்கிக்கொள்ளலாம். டெலிகிராமில் பாட் என்ற தானியங்கிக் கணக்கு ஒன்றைச் செய்து அதைச் சேனலுக்கு நிர்வாகியாக்க வேண்டும். இந்தச் சாவிகளை நிரலுக்குள் எழுதாமல் கிட்ஹப்பின் ரகசியப் பெட்டியில் வைத்துவிடுங்கள். பொதுவில் இருக்கும் கோப்பில் சாவி போய்விட்டால், பிறகு அழித்தாலும் பழைய பதிப்பில் இருந்துகொண்டே இருக்கும்.

எண்ணிக்கைதான் சுவாரசியமான இடம். மன்னார்குடி நமக்கு ஆறு எழுத்து. யூனிகோடு குறிகளாக எண்ணினால் 11, ஏனென்றால் புள்ளியும் காலும் விசிறியும் தனித்தனிக் குறிகள். பைட்டாக எண்ணினால் 33. ஒரே சொல்லுக்கு மூன்று கணக்கு. எந்தத் தளம் எதை எண்ணுகிறது என்று தெரியாமல் அனுப்பினால் ஒன்று பாதியில் திருப்பி அனுப்பும், இல்லை நாமே தேவையில்லாமல் சுருக்கிக்கொள்வோம்.

மாஸ்டடானின் வழக்கமான வரம்பு 500. அது எண்ணுவது கண்ணுக்குத் தெரியும் முழு எழுத்தை. அதாவது ஒன்றாம் வகுப்பு வாத்தியார் எண்ணச் சொன்ன அதே கணக்கு. இணைப்பு எவ்வளவு நீளமானாலும் 23 என்று எடுத்துக்கொள்ளும். புளூஸ்கையும் முழு எழுத்தைத்தான் எண்ணுகிறது, வரம்பு 300. கூடவே 3000 பைட் என்று இரண்டாவது வரம்பும் உண்டு. தமிழில் ஓர் எழுத்து பெரும்பாலும் ஆறு பைட்டுக்குள் அடங்கும் என்பதால் 300 எழுத்துக்கு 1800தான் வரும், அந்த வேலியைப் பற்றிக் கவலை வேண்டாம். எக்ஸ் தளம் குறிகளை எண்ணுகிறது. 280 என்று சொன்னாலும் தமிழில் அது 150, 160 எழுத்தில் தீர்ந்துவிடும். ஆங்கிலத்தில் எழுதுபவருக்குக் கிடைக்கும் இடத்தில் பாதியும் கொஞ்சமும்தான் நமக்கு. டெலிகிராமில் 4096, அங்கே பிரச்சினையே இல்லை.

நீளமான வரியைச் சுருக்குவதற்கு இணையத்தில் கிடைக்கும் நிரல் துண்டுகள் எல்லாம் குறிக் கணக்கில் வெட்டுபவை. ஆங்கிலத்தில் அதனால் ஒன்றும் ஆகாது. தமிழில் வெட்டு ஓர் எழுத்தின் நடுவே விழுந்தால், பார்த்த உடனே தெரியாத தப்பு வரும். 'பொங்கல்' என்பதில் கடைசிப் புள்ளி போனால் 'பொங்கல' என்று நிற்கும். 'நெல் விலை' என்ற இடத்தில் கடைசிக் கொம்பு போனால் 'நெல் வில'. உடைந்த எழுத்து என்று கணினி எச்சரிக்காது, ஏனென்றால் மிச்சம் இருப்பதும் செல்லுபடியாகும் தமிழ் எழுத்துதான். பைத்தானில் 'ரீஜெக்ஸ்' என்ற கூடுதல் நூலகம் இருக்கிறது. அதில் முழு எழுத்து முழு எழுத்தாகப் பிரித்துத் தரும் வழி உண்டு. அப்படிப் பிரித்த பட்டியலில் எண்ணி, சொல் முடியும் இடமாகப் பார்த்து வெட்ட வேண்டும்.

இவ்வளவு செய்த பிறகு, வெட்டும் பகுதியைக் காவலுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு கோப்பின் தலைப்பகுதியிலும் 'நகல்' என்ற பெயரில், மற்ற தளங்களுக்குப் போக வேண்டிய வரியைக் கையாலேயே எழுதுகிறேன். கட்டுரையின் முதல் இரண்டு வாக்கியத்தை இயந்திரம் நறுக்கி அனுப்புவது படிக்கச் சகிக்காது. தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதால், பாதியில் நின்ற வாக்கியத்தில் சேதியே இருக்காது. 'பாமணியாற்றில் நேற்று மாலை திறந்துவிடப்பட்ட தண்ணீர் நமது பகுதிக்கு இன்னும்...' என்று நின்றால் வந்ததா, வரவில்லையா?

ஹேஷ்டேக் கதை இன்னொன்று. பைத்தானோடு கூடவே வரும் 'ரீ' நூலகத்தில், சொல்லுக்குரிய எழுத்துகளைப் பிடி என்று சொன்னால் அது உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகவே மதிக்காது. #குறுவை என்று எழுதினால் #க மட்டும் மாட்டும். #தஞ்சாவூர் என்றால் #தஞ. மாஸ்டடான் தன் பக்கத்தில் ஹேஷ்டேக்கைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும் என்பதால் அங்கே தொல்லையில்லை. புளூஸ்கையில் நிரல் வழியாக அனுப்பும்போது எது ஹேஷ்டேக், எது இணைப்பு என்று நாம்தான் இடம் சுட்டிக்காட்ட வேண்டும். மேலே சொன்ன ரீஜெக்ஸ் நூலகத்துக்கு மாறினால் இந்தக் கோளாறும் போய்விடும்.

இடம் சுட்டுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. புளூஸ்கை 300 எழுத்து வரம்பை முழு எழுத்தில் எண்ணும். ஆனால் இணைப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைப் பைட் கணக்கில் கேட்கும். பைத்தான் தரும் நீளம் குறிக் கணக்கில் இருக்கும். இடைவெளிகூட இல்லாமல் முழுக்கத் தமிழாக இருக்கும் வரியில் நாற்பதாவது குறி என்பது 120ஆவது பைட். பைத்தான் தந்த எண்ணை அப்படியே கொடுத்தால் நீல நிறம் வரியின் முன்பகுதியில் சம்பந்தமில்லாத சொல்லின் நடுவே போய் உட்காரும். வரியை முதலில் யுடிஎஃப்-8 பைட்டுகளாக மாற்றிவிட்டு, அதற்குள் தேடி இடத்தை எடுத்தால் சரி. இதில் ஒரு லாபமும் உண்டு. இணைப்பை எந்தச் சொல்லின்மேலும் வைக்கலாம் என்பதால், முகவரியை எழுதாமல் 'முழு விவரம்' என்ற இரண்டு சொல்லை மட்டும் இணைப்பாக்குகிறேன். 300இல் அது மிச்சம். முன்னோட்டப் பெட்டியையும் புளூஸ்கை தானாகத் தேடிப் போய் எடுக்காது. தலைப்பு, விளக்கம், படம் மூன்றையும் நாமே சேர்த்து அனுப்ப வேண்டும்.

இன்னொரு சிறு விஷயம், ஆனால் தேடிக் கண்டுபிடிக்க நேரம் பிடிக்கும். 'கொ' என்ற எழுத்தை க, ஒகரக் குறி என்று இரண்டாகவும் சேமிக்கலாம்; க, கொம்பு, கால் என்று மூன்றாகவும் சேமிக்கலாம். திரையில் ஒன்றுபோலவே தெரியும். பிடிஎஃப்பிலிருந்தும் பழைய எழுத்துரு மாற்றிகளிலிருந்தும் எடுத்து ஒட்டும்போது இரண்டாவது வகை வந்துவிடும். அப்புறம் #கொள்முதல் என்று தேடினால் பாதிப் பதிவுதான் கிடைக்கும். யூனிகோடில் இதை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் முறை இருக்கிறது, என்எஃப்சி என்று பெயர். கோப்பு தளத்துக்குப் போகும் முன் எல்லாவற்றையும் அதில் ஒருமுறை ஓட்டிவிடுகிறேன்.

வரிசையும் முக்கியம். நகல் போகும்போது மூலப் பக்கம் வெளியாகியிருக்க வேண்டும். மாஸ்டடான் வழங்கி பதிவு வந்த சற்று நேரத்தில் இணைப்பைத் திறந்து முன்னோட்டத்தை எடுக்கும். அப்போது பக்கம் இன்னும் ஏறவில்லை என்றால் பெட்டியே இல்லாமல் போய்விடும். என் நிரல் முதலில் பக்கத்தைக் கேட்டுப் பார்க்கிறது, சரியான பதில் வரும்வரை காத்திருக்கிறது, பிறகுதான் அனுப்புகிறது. எது எங்கே போயிற்று என்று ஒரு கோப்பில் பற்று எழுதி வைக்கிறது. ஏற்கெனவே போன பதிவு மறுபடி போகாமல் இருக்க அதுதான் காவல். நடுவில் நெட் அறுந்து, போயிற்றா இல்லையா என்று தெரியாத நிலை வருமே, அதற்கு மாஸ்டடானில் ஒரு வசதி உண்டு: ஒவ்வொரு பதிவோடும் ஒரு தனி அடையாளச் சரத்தை அனுப்பினால், அதே சரம் ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி வந்தாலும் இரண்டாவது பதிவாகப் போடாது. நகல்களின் முகவரிகள் திரும்பி வந்ததும் மூலப் பக்கத்தின் அடியில் அவை ஏறிக்கொள்ளும்.

முதலில் இதைத் தினமும் காலை ஆறு மணிக்கு ஓடும்படி கிட்ஹப்பின் நேர அட்டவணையில் வைத்திருந்தேன். அது உலகப் பொது நேரத்தில் ஓடுவதால் நம் ஆறு மணிக்கு அங்கே 00.30 என்று போட வேண்டும். அதுவல்ல தொல்லை. பொதுவில் உள்ள கோப்பகத்தில் 60 நாள் எந்த மாற்றமும் இல்லை என்றால் கிட்ஹப் அந்த அட்டவணையை நிறுத்திவிடும். சம்பா அறுவடையும் கொள்முதலும் ஓடும் தை, மாசியில் நான் ஒரு வரியும் எழுதுவதில்லை. எனவே அட்டவணையை எடுத்துவிட்டு, புதிய கோப்பு ஏறும்போது மட்டும் ஓடும்படி மாற்றியாயிற்று.

ஃபேஸ்புக்கில் நிரல் வழியாகச் சொந்தக் கணக்குக்குப் பதிவு போட முடியாது. 2018 ஆகஸ்ட் 1 முதல் அந்த வழியை மூடிவிட்டார்கள். பேஜ் என்றால் முடியும், ஆனால் பங்காளிகள் பார்ப்பது என் கணக்கைத்தான். கையால் ஒட்டுகிறேன். எக்ஸ் தளம் 2023இல் இலவச வழியைக் குறுக்கியது, அங்கேயும் தோன்றும்போது கைதான். இன்ஸ்டாகிராமில் படத்துக்குக் கீழே எழுதும் இணைப்பைத் தொட்டுத் திறக்க முடியாது; அதனால் அந்தப் பக்கமே போகவில்லை.

வாட்ஸ்அப்தான் டெல்டாவில் உண்மையான வாசகர் கூட்டம், அதுதான் தானியங்கிக்கு ஒத்துவராத இடமும். வணிகத்துக்கான வழி இருக்கிறது, எனக்கு அது அதிகப்படி. தனிக் கணக்கை நிரலால் ஓட்டும் குறுக்குவழிகள் நிறுவனத்தின் விதிக்குப் புறம்பானவை. எண் முடக்கப்பட்டால் வங்கியும் கேஸ் புத்தகமும் எல்லாம் அந்த எண்ணில்தான் தொங்குகின்றன. எனவே ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பகிர்வுப் பொத்தான் மட்டும். தொட்டால் வாட்ஸ்அப் திறந்து, தேதி, ஊர்ப் பகுதி, ஒரு வரிச் செய்தி, முகவரி நான்கும் எழுதப்பட்டே இருக்கும். யாருக்கு என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் போதும். தேதியை முதல் வரியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஆட்கள் முகவரியை அழித்துவிட்டு வரியை மட்டும் நகலெடுப்பார்கள், முதல் வரியை அழிக்க மாட்டார்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பியதைத் திருத்த 15 நிமிடம்தான் அவகாசம், அதற்குள் அது எத்தனை குழுவுக்குப் போனதோ தெரியாது. 2018 முதல் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து அரட்டைகளுக்கு மேல் முன்னனுப்ப முடியாது என்று கட்டுப்பாடு இருந்தும் எங்கள் ஊர்க் குழுக்களின் வேகம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அதனால் மாறக்கூடிய எண் எதையும் நகலில் எழுதுவதில்லை. அணையின் நீர்மட்டம் 120 அடியில் இன்று எவ்வளவு, எத்தனை கன அடி திறந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் மூலப் பக்கத்தில் மட்டும், எந்த நாள் எத்தனை மணிக் கணக்கு என்ற குறிப்போடு. அங்கே எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம்.

மிச்சம் இருப்பது பழைய பக்கங்கள். நீளச் சதவீத முகவரியோடு போனவை இன்னும் குழுக்களில் சுற்றுகின்றன. அந்த முகவரிக்கு வந்தவரைப் புதிய முகவரிக்குத் தள்ளிவிட ஹியூகோவில் மாற்றுப்பெயர் என்ற வசதி உண்டு. பழைய முகவரியைக் கோப்பின் தலைப்பகுதியில் ஒரு வரியாக எழுதினால் ஆயிற்று. தண்ணீர் பற்றிய பக்கங்களுக்கு முடித்துவிட்டேன், நெல் ரகங்கள் பற்றியவை நிற்கின்றன. பூங்காருக்கும் காட்டுயானத்துக்கும்தான் தேடி வருபவர் அதிகம் என்பதால் அவற்றில் தொடங்க வேண்டும்.